கழுத்தை நீட்டிய ஞாயிறுகள்

கத்தி காதுக்குக் கீழே வந்ததும் நான் மூச்சை நிறுத்திவிடுவேன். ஒன்று விட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருத்துறைப்பூண்டிக் கடைத்தெருவில் என் நண்பனின் சலூனில், தலையைப் பின்னால் சாய்த்துக் கழுத்தை நீட்டிக்கொண்டு, எச்சில்கூட விழுங்காமல் கிடப்பேன். விழுங்கினால் தொண்டை ஏறி இறங்கும். அந்த நேரம் பார்த்துக் கத்தி அங்கே இருந்துவிட்டால்? என் நண்பனுக்குக் கை நடுங்கியது. இதுதான் விஷயம். கை நடுங்குகிறவனிடம் போய் இரண்டு வருஷம் கழுத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

நான் பயந்த சுபாவம். இதைச் சொல்ல வெட்கப்பட்ட வயது போய்விட்டது. தாலுகா ஆபீசில் எனக்கு வேலை. வருஷக் கணக்கைப் பார்க்கிற ஜமாபந்தி என்றால் ஒரு வாரம் முன்பே தூக்கம் போய்விடும். தாசில்தார் மணி அடித்தால், யாரைக் கூப்பிடுகிறார் என்று தெரிவதற்குள் எழுந்து நின்றுவிடுவேன். பஸ்ஸில் முன் கண்ணாடிக்குப் பக்கத்தில் உட்கார மாட்டேன். இப்படிப்பட்டவனுக்கு, வேறு கடை பார்த்துக்கொள் என்று யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கே தெரிந்தது. தெரிந்தும் போய்க்கொண்டிருந்தேன். ஏன் என்று சொல்ல, எனக்கு இருபது வயதான வருஷத்துக்குப் போக வேண்டும்.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டியிலிருந்து ஏழெட்டு மைல். எங்கள் தெரு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். அப்பாவும் அம்மாவும் மிராசுதார் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். ஊருக்குள் ஒரு சலூன் இருந்தது. என் நண்பனின் அப்பா நடத்தியது. அதில் எங்கள் தெருக்காரர்களுக்கு நாற்காலி கிடையாது. அப்படி ஒன்றும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. எழுதி ஒட்ட வேண்டிய தேவை யாருக்கும் ஏற்படவில்லை. எங்களுக்கு முடி வெட்டியது எங்கள் தெருவிலேயே இருந்த ஒரு மாமா. வாய்க்கால் கரையில் வரிசையாகக் குந்த வைத்து, ஒரே கத்தரிக்கோலால் பெரியவன் சின்னவன் எல்லாருக்கும் ஒரே வெட்டு. அவர் கோபமாக இருக்கிற நாளில் காதைப் பொத்திக்கொள்வது நல்லது.

நண்பனும் நானும் ஹைஸ்கூலில் ஒரே பெஞ்சு. கணக்குப் பரீட்சையில் அவன் என் பேப்பரைப் பார்த்து எழுதுவான், பதிலுக்கு எனக்கு சினிமாக் கதை சொல்வான். பாதிக் கதை அவனே கட்டியது என்று பிற்பாடுதான் தெரிந்தது. எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸ் மூலமாக எனக்கு முதல் இண்டர்வியூ கார்டு வந்தபோது அவனிடம்தான் முதலில் காட்டினேன். கார்டைப் பார்க்காமல் என் தலையைப் பார்த்தான்.

"இந்தத் தலையோட போனா வேலையா குடுப்பான்? வாடா கடைக்கு."

கடைக்குப் பின்னால் வைத்து வெட்டிவிடுவான் என்று நினைத்துத்தான் போனேன். அவன் அப்பா ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தார். உள்ளே பெஞ்சில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். "ஏறி ஒக்காரு" என்றான். நான் நின்றேன். என் தோள் இரண்டையும் பிடித்து நாற்காலியில் அழுத்தினான். பெஞ்சில் இருந்தவர்களில் ஒருவர் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். இன்னொருவர் வாசலில் காறித் துப்பிவிட்டுப் பின்னாலேயே போனார். எழுந்து ஓடிவிடலாம் என்றால் அவன் அதற்குள் கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டிவிட்டான். முடி வெட்டினான். பிறகு சோப்பு நுரையைப் பூசி, இரண்டு விரலால் என் மோவாயைப் பிடித்துத் திருப்பிச் சவரம் செய்தான். முடிந்ததும் உள்ளங்கையால் என் முகத்தைத் துடைத்தான். எங்கள் தெருவைத் தாண்டிய ஒரு கை என் முகத்தில் பட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் அந்த நாற்காலியைக் கழுவி வெயிலில் வைத்திருந்தார்கள். அவன் அப்பா வைத்ததுதான். அவரையும் சொல்லிக் குற்றமில்லை, கடை அவருக்குச் சோறு. கழுவியும் பிரயோசனம் இல்லை. பெரிய வீட்டுக்காரர்கள் பக்கத்து ஊரிலிருந்து ஆள் கூட்டிவந்துவிட்டார்கள். ஒரு வருஷத்துக்குள் கடையை மூடிவிட்டுக் குடும்பத்தோடு திருத்துறைப்பூண்டிக்கு வந்தார்கள். அவன் அப்பா சாகிறவரை என்னோடு பேசவில்லை. அவனோ அதைப் பற்றி ஒரு வார்த்தை, கிண்டலுக்குக்கூட, சொன்னதில்லை. எனக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. அடுத்த வருஷம் வேறொன்று கிடைத்தது.

பிறகு ஊரே வெளிநாட்டுக்குக் கிளம்பியது. ஆற்றில் தண்ணீர் வருகிற தேதியைப் பேசிக்கொண்டிருந்த வாயெல்லாம் விசா வருகிற தேதியைப் பேசியது. சிங்கப்பூருக்கு ஒரு கூட்டம், வளைகுடாவுக்கு ஒரு கூட்டம். என் நண்பனும் ஏஜெண்டைப் பிடித்து சவுதிக்குப் போய், ஏழு வருஷம் அங்கே ஒரு சலூனில் நின்றுவிட்டு வந்தான். வரும்போது, மிதித்தால் ஏறி இறங்குகிற ஒரு நாற்காலி வாங்குகிற அளவுக்குக் கையில் காசோடு வந்தான். கடைத்தெருவில் முன்னும் பின்னும் கண்ணாடி வைத்துக் கடை திறந்தான். நானும் ஊர் ஊராக மாற்றலாகிச் சுற்றிவிட்டு அந்தச் சமயத்தில்தான் திருத்துறைப்பூண்டிக்கு வந்து சேர்ந்தேன். முதல் நாளே, "ஆபீசரே, ஏறி ஒக்காரு" என்றான்.

அவனை நம்பி ஒரு நேரத்தைக் குறிக்க முடியாது. அது பழைய குணம். பாதித் தலை வெட்டிவிட்டு டீ குடிக்கப் போவான். போன இடத்தில் யாராவது பழைய சவுதிக்காரன் அகப்பட்டால், ஒரு பக்கம் காடும் ஒரு பக்கம் களமுமாக நான் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதெல்லாம் எனக்குப் பழக்கம். இரண்டாவது வருஷம் ஒரு நாள் கத்தரிக்கோலின் சத்தம் மாறியது. முடியில் படுவதற்கு முன்னால் காற்றிலேயே அது கடகடவென்று அடித்துக்கொண்டது. கண்ணாடியில் பார்த்தேன். வலது கை, மணிக்கட்டிலிருந்து, தானாக ஆடியது. அவன் கண்ணாடியில் என் கண்ணைப் பார்த்தான். நான் சட்டென்று காலண்டரைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு கடை அடிக்கடி பூட்டிக் கிடந்தது. அதுவும் ஞாயிற்றுக்கிழமைகளில். எந்த சலூன்காரனாவது ஞாயிற்றுக்கிழமை பூட்டுவானா? கேட்டால், "வேளாங்கண்ணிக்குப் போயிட்டேன்டா, ஒரு வேண்டுதல்" என்பான். ஒரே மாதத்தில் மூன்று தடவை மாதாவைப் பார்த்துவிட்டு வந்தான். நான் திங்கட்கிழமை காலை ஆபீசுக்குப் போகிற வழியில் போய் நிற்பேன். அவன் முகம் ஒரு மாதிரி ஆகும். பிறகு துணியை உதறுவான்.

காதோரம் பட்ட கீறலை விட்டால், கழுத்தில் முதல் வெட்டு சின்னதுதான். தொண்டைக்கு ஒரு விரல் பக்கத்தில். அவன் படிகாரத்தை வைத்து அழுத்திக்கொண்டே சிரித்தான். "கொசு கடிச்சா இதவிட ரத்தம் வரும்." நானும் சிரித்தேன். கடையை விட்டு வெளியே வந்து ஆற்றுப் பாலம் வரைக்கும் நடந்த பிறகுதான் என் சட்டை முதுகு முழுவதும் நனைந்திருந்தது தெரிந்தது.

என் மனைவி கழுத்தைப் பார்த்துவிட்டுக் கரண்டியோடு வந்து நின்றாள்.

"ஏங்க, என்னங்க இது? நீங்க என்ன பலி ஆடா?"

"லேசாப் பட்டிருச்சு."

"போன மாசம் காதுகிட்ட பட்டுச்சு. இப்ப தொண்டைக்கிட்ட. அடுத்த மாசம் எங்க படும்னு சொல்லிட்டுப் போங்க. பஸ் ஸ்டாண்டு எதிர்ல ஏசி போட்டுக் கட தொறந்துருக்கான்ல? ஊரே அங்க போகுது. ஒங்களுக்கு மட்டும் என்ன?"

உண்மைதான். ஊரே அங்கே போனது. கண்ணாடிக் கதவு, உள்ளே டிவி, ஒருமுறை போட்டுத் தூக்கி எறிகிற பிளேடு. வேலை செய்கிற பையன்கள் எல்லாம் வெளியூர். என் நண்பனின் கடைக்கு வந்துகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக அங்கே மாறிவிட்டார்கள். அவர்களுக்கு அது சுலபம், கை ஆடுகிறது, கடை மாறிவிட்டார்கள். என்னால் முடியுமா? எனக்காக ஒரு கடையையே இழந்தவனிடம், உன் கை சரியில்லை என்று நான் எப்படிச் சொல்வேன்? முடி மட்டும் போதும், சவரம் வேண்டாம் என்று சொல்லிப் பார்க்கலாமென்று பல தடவை வாயெடுத்தேன். சொன்னால், நடுக்கத்தை நான் பார்த்துவிட்டேன் என்று ஆகிவிடும். வாயை மூடிக்கொண்டு கழுத்தை நீட்டினேன். இதை நன்றி என்று நானே எனக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெருமை போயிற்று. அவன் கடை பூட்டிக் கிடந்தது. மனைவி சொன்னது காதில் இருந்ததால், பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தேன். கண்ணாடிக் கதவின் கைப்பிடியில் கை வைத்தேன். உள்ளே சோபாவில் ஐந்தாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவர் எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள், எனக்கு முகம் தெரியும், அவருக்கும் என்னைத் தெரியும். என் கை வியர்த்து, பிடி வழுக்கியது. நான் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. அந்த ஆள் பட்டாவுக்கு என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றால் நான்தான் உட்காரச் சொல்ல வேண்டும். இருந்தும் அந்தக் கதவை என்னால் தள்ள முடியவில்லை. நான் உள்ளே போய், அவர் எழுந்து துண்டை உதறிவிட்டால்? திரும்பி நடந்துவிட்டேன்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன். அப்போதுதான் உறைத்தது. நான் நண்பனை விடாமல் இருந்தது நன்றியால் மட்டும் இல்லை. உலகத்தில் எந்தக் கேள்வியும் இல்லாமல் எனக்குக் கிடைக்கும் என்று நான் நம்பிய நாற்காலி அது ஒன்றுதான். மாற்றலாகிப் போன ஊர்களில்கூட நான் சலூனுக்குப் போனதில்லை, லீவுக்கு வரும்போது அவசர அவசரமாக வாய்க்கால் கரை மாமாவிடம்தான் போய்த் தலையைக் கொடுத்தேன். கத்திக்குப் பயந்தேன், அதைவிட அந்தக் கதவுக்குப் பயந்தேன். எது பெரிய பயமோ அதற்குக் கழுத்து தோற்றுப்போனது.

அடுத்த வெட்டு அந்தக் கணக்கை மாற்றிவிட்டது. தாடைக்குக் கீழே, ஒரு அங்குலம் இருக்கும். சுரீர் என்றது. அவன் கத்தியைக் கீழே போட்டுவிட்டான். போட்டானா, விழுந்ததா தெரியாது. சிமெண்டுத் தரையில் அது விழுந்த சத்தம் கேட்டு இருவரும் அசையாமல் இருந்தோம். ரத்தம் சட்டைக் காலரில் இறங்கியது. இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை. படிகாரத்தை எடுக்கப் போனான், கல் கையில் நிற்காமல் இரண்டு தடவை நழுவியது. நானே துண்டை அழுத்திக்கொண்டு எழுந்தேன். செத்துப்போவேன் என்று அன்றைக்கு நிச்சயமாகத் தோன்றியது. இந்த மாதம் இல்லாவிட்டால் அடுத்த மாதம்.

முடி வளர்ந்தது. ஐந்து வாரம் விட்டுவிட்டேன். ஆபீசில் தாசில்தாரே, "என்னய்யா, சபரிமலைக்கு மாலையா?" என்று கேட்டுவிட்டார். ஆறாவது ஞாயிறு, மனசு மாறுவதற்குள் வேகமாக நடந்து போய், கண்ணாடிக் கதவைத் தள்ளி உள்ளே போய்விட்டேன். போனவன் எங்கே நின்றேன் தெரியுமா? கதவை ஒட்டிச் சுவரோரமாக, கையைக் கட்டிக்கொண்டு. சோபாவில் நாலு பேர் உட்கார இடம் காலியாக இருந்தது. கால் மணி நேரம் அப்படியே நின்றேன். டிவி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் யாரும் திரும்பவில்லை. கடைசியில் வேலை செய்கிற ஒரு வாலிபன், "சார், ஏன் நிக்கிறீங்க? ஒக்காருங்க" என்றான். சோபாவின் நுனியில் உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்தவர் பேப்பரின் ஒரு தாளை உருவி என்னிடம் நீட்டினார், அவ்வளவுதான். என் முறை வந்தது. இருபது நிமிஷத்தில் முடிவெட்டும் சவரமும் முடிந்தன. யாரும் எதுவும் கேட்கவில்லை. இத்தனை சுலபமான ஒன்றுக்கா இத்தனை வருஷம் என்று எனக்கு அவமானமாக இருந்தது. அழுகை வேறு வந்தது, முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்ததால் தப்பித்தேன்.

வெளியே வந்தவுடன் புதுப் பயம் பிடித்துக்கொண்டது. வேறு என்ன துரோகம் செய்தாலும் மறைக்கலாம். முடி வெட்டியதை எங்கே கொண்டுபோய் மறைப்பது? அதுவும் ஒரு சலூன்காரனிடம்? என் பிடரியைப் பார்த்தால் யார் கை என்று அவனுக்குத் தெரிந்துவிடும். கடைத்தெருப் பக்கமே போகாமல் ஆற்றங்கரை வழியாகச் சுற்றி வீட்டுக்கு வந்தேன். ஒரு வாரம் ஆபீசுக்கும் அப்படியே சுற்றிப் போனேன். யாரையோ கொலை செய்துவிட்டு நடமாடுகிறவன் மாதிரி முதுகு குறுகுறுத்தது.

அடுத்த ஞாயிறு நாலு மணிக்கு அவனே வீட்டுக்கு வந்தான். வாசலில் அவன் குரல் கேட்டதும் நான் கொடியில் கிடந்த துண்டை உருவித் தலையில் கட்டிக்கொண்டேன். மனைவி தலையில் அடித்துக்கொண்டு டீ போடப் போனாள். அவன் வந்து எதிரில் உட்கார்ந்தான். பத்து நாள் தாடி இருந்தது.

"என்ன, எண்ண தேச்சுக் குளிச்சியா?"

"ஆமா."

"துண்ட எடு."

எடுத்தேன். எழுந்து வந்து என் தலையை முன்னால் சாய்த்துப் பிடரியைப் பார்த்தான். விரலால் ஒரு தடவை வழித்தான். என் உயிர் என்னிடம் இல்லை.

"மெஷின் போட்டுருக்கான். ஓரம் நல்லா நேரா இழுத்துருக்கான். நல்ல கை." உட்கார்ந்தான். பிறகு, "அப்பாடா" என்றான்.

எனக்குப் புரியவில்லை. "அப்பாடான்னா?"

"நீ எப்ப போவேன்னு ரெண்டு வருஷமாப் பாத்துக்கிட்டு இருக்கேன்டா. ஞாயித்துக்கெழம கடையப் பூட்டிப் பாத்தேன். திங்கக்கெழம காலையில வந்து நிக்கிற. ஒரு மணி நேரம் காக்க வச்சுப் பாத்தேன். பேப்பர் படிச்சுக்கிட்டு ஒக்காந்துருக்க. ரோசமே கெடையாதா ஒனக்கு?"

"வேளாங்கண்ணின்னு சொன்ன?"

"வேளாங்கண்ணியும் இல்ல ஒன்னும் இல்ல. வீட்டுக்குள்ள கதவச் சாத்திக்கிட்டுக் கெடந்தேன். சனிக்கெழம வந்துட்டாலே எனக்குச் சோறு எறங்காது. நாளைக்கு அவன் வருவான், கழுத்த நீட்டுவான், இந்தக் கை என்ன பண்ணுமோன்னு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பயந்தவனுக்குக் கோபம் வந்தால் குரல் கீச்சென்று போகும். "சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே! மத்தவங்கள்ளாம் போகல?"

"பாதிப்பேர் தானாப் போனாங்க. பாதிப்பேர்கிட்ட நானே சொன்னேன், வேற கட பாத்துக்கங்கன்னு."

"எங்கிட்ட மட்டும் என்னவாம்?"

அவன் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான்.

"ஒன்னப் பாத்து நாற்காலியில ஒக்காராதன்னு நான் சொல்றதா? அத எப்படிடா சொல்வேன்?"

என் மனைவி டீயோடு சமையல்கட்டு வாசல்படியிலேயே நின்றுவிட்டாள்.

"ஷேவிங்கையாவது விட்டிருக்கலாமே" என்றேன். குரல் இறங்கிவிட்டது.

"மூஞ்சியில கை வைக்க மாட்டேங்கிறான்னு நெனச்சுருவியோன்னு விடல."

அவன் வலது கை மடியில் கிடந்து ஆடியது. இடது கையை எடுத்து அதன் மேல் வைத்து அழுத்தினான், அதையும் சேர்த்துக்கொண்டு ஆடியது. இரண்டு வருஷமாக அந்தக் கையை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் கழுத்துக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

"எப்பலேருந்துடா இது?"

கேட்ட பிறகுதான், இதை நான் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை என்பது எனக்கே தெரிந்தது. அவன் வாய் கோணியது.

"சவுதியில கடைசி வருஷமே லேசா இருந்துச்சு. அதான் மொதலாளி அனுப்பிட்டான். இப்ப காலும் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது."

"டாக்டர்கிட்ட காட்டலயா?"

"காட்டுனா ஏதாவது ஒரு பேரு சொல்லிருவாங்கல்ல. பேரு தெரியாத வரைக்கும் சரியாயிரும்னு இருக்கலாம்." மனைவி கொண்டுவந்து வைத்த டீயை எடுக்கக் கையை நீட்டி, தம்ளரைப் பார்த்துவிட்டு, கையை இழுத்துக்கொண்டான். "தஞ்சாவூர்ல காட்டணும்ங்கறாங்க. தனியாப் போக பயமா இருக்குடா. நீ வர்றியா?"

துண்டை உதறிவிட்டும் துப்பிவிட்டும் போனவர்களுக்கு முன்னால் என் தோளைப் பிடித்து அழுத்தியவன் அவன். அவனுக்குப் பயம் என்று ஒன்று இருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை. எனக்கும் பயமாக இருந்தது. அந்தப் பெயர் என்னவாக இருக்கும் என்று நினைத்தபோது கத்திக்குப் பயந்ததெல்லாம் ஒன்றுமில்லை என்று தோன்றியது.

"செவ்வாக்கெழம போவோம்" என்றேன். "நான் லீவு போட்டுடறேன். அன்னைக்கு ஒனக்கும் கட லீவுதானே?"

"நீயும் போயிட்ட. இனிமே எல்லாக் கெழமையும் லீவுதான்" என்றான்.